சரவாக் ஆற்றில் ஒரு மாலை

மாலை வெயில் தணியத் தொடங்கியதும் கூச்சிங் நகரின் ஆற்றங்கரை நடைபாதையில் மக்கள் நடமாட்டம் பெருகுகிறது. படித்துறையில் இரண்டு தளங்கள் கொண்ட உல்லாசப் படகு ஒன்று காத்திருக்கிறது. பயணிகள் வரிசையாக ஏறி, காற்றோட்டமான மேல்தளத்தில் இடம்பிடிக்கின்றனர். இயந்திரத்தின் ஓசை எழுகிறது. படகு கரையை விட்டு மெல்ல விலகுகிறது. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் ஒரு நகரத்தின் வரலாற்றைப் பார்ப்பார்கள்; அந்த மண்ணின் உணவைச் சுவைப்பார்கள்; அங்கு வாழும் மக்களின் ஆடலையும் இசையையும் அனுபவிப்பார்கள்.

சரவாக் ஆறு கூச்சிங் நகரை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. 1988ஆம் ஆண்டு கூச்சிங் மாநகராகத் தகுதி உயர்ந்தபோது, இரு கரைகளுக்கும் தனித்தனி ஊராட்சி அமைப்புகள் ஏற்படுத்தப்பட்டன. ஒரே நகரம் இரண்டு நிருவாகங்களின் கீழ் இயங்குவதற்கு இந்த ஆறே எல்லைக்கோடு. ஆனால், முற்காலத்தில் இவ்வாறு மக்களைப் பிரிக்கவில்லை, இணைத்தது. சாலைகள் இல்லாத காலத்தில் ஆறுகளே சரவாக்கின் நெடுஞ்சாலைகள். மிளகு, சவ்வரிசி, காட்டுப் பொருள்கள் ஆகிய அனைத்தும் படகுகளில்தாம் கூச்சிங்கை வந்தடைந்தன. 1839ஆம் ஆண்டு ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர் இந்த நகரத்துக்கு வந்ததும் இதே ஆற்றின் வழியாகத்தான். அவரும் அவருடைய வழியினரும் நூறாண்டுகளுக்கு மேலாகச் சரவாக்கை ஆண்டனர்.

அந்த வரலாற்றின் சுவடுகளைப் படகிலிருந்தே காணலாம். வட கரையில் பசும்புல்வெளிக்கு நடுவே வெண்ணிறத்தில் தெரிவது அஸ்தானா மாளிகை. இரண்டாம் ராஜாவான சார்ல்ஸ் புரூக், தம் மனைவி மார்கரெட்டுக்குத் திருமணப் பரிசாக 1870ஆம் ஆண்டு இதனைக் கட்டினார். இன்று இது சரவாக் ஆளுநரின் அதிகாரப்பூர்வ இல்லம். அதே கரையில், சிறிய குன்றின்மேல் நிற்பது மார்கரெட் கோட்டை. கடற்கொள்ளையர்களிடமிருந்து நகரத்தைக் காப்பதற்காக 1879ஆம் ஆண்டு கட்டப்பட்ட இக்கோட்டை, இப்போது அருங்காட்சியகமாக விளங்குகிறது. இவற்றுக்கிடையே, பொன்னிறக் குடை விரித்தாற்போன்ற கூரையுடன் சரவாக் சட்டமன்றக் கட்டடம் உயர்ந்து நிற்கிறது.

தென் கரையில் பழைய கடைத்தெருவும் சீனர் கோவிலும் காட்சி தருகின்றன. அங்கே, நீரில் மிதப்பதுபோல் தோன்றும் பள்ளிவாசல் பயணிகளின் கண்ணைக் கவர்கிறது. 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதற்குக் கூச்சிங் இந்தியப் பள்ளிவாசல் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்து வணிகம் செய்த தென்னிந்திய முஸ்லிம்கள், இந்தியத் தெருவுக்கு அருகே ஒரு பள்ளிவாசலை எழுப்பினர். புதிய பள்ளிவாசல் அந்தப் பழைய தொடர்பைப் பெயரில் தாங்கி நிற்கிறது. ஆற்றின் வழியே வந்தவர்களுள் நம்மவர்களும் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

படகு அசைந்தாடாமல் செல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. சரவாக் ஆறு கடலுக்கு அருகில் ஓடுவதால், கடலின் ஏற்ற வற்றத்திற்கேற்ப அதன் நீர்மட்டமும் ஒரே நாளில் பல மீட்டர் மாறிக்கொண்டிருந்தது. வற்றத்தின்போது கரையோரம் சேறு தெரியும். பேரலைக் காலங்களில் நகரின் தாழ்வான பகுதிகளில் நீர் புகும். இதனைக் கட்டுப்படுத்த, 1990களில் நகருக்குக் கீழே ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. அணையின் கதவுகள் கடல்நீரைத் தடுத்து, ஆற்றின் நீர்மட்டத்தைச் சீராக வைத்திருக்கின்றன. அதனால்தான் உல்லாசப் படகுகள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்பட முடிகிறது.

மாலை ஆறரை மணிக்குமேல் மேற்கு வானம் செம்மை பூசிக்கொள்கிறது. சிராப்பி மலைக்குப் பின்னால் கதிரவன் மறைகிறான். கூச்சிங் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளதால், இங்குக் கதிரவன் சாய்வாக அன்றி, ஏறத்தாழச் செங்குத்தாகவே கீழிறங்குகிறான். எனவே, அந்தி ஒளி நெடுநேரம் நிற்பதில்லை. அரை மணி நேரத்துக்குள் இருள் சூழ்ந்துவிடும். பயணிகள் கைப்பேசிகளைத் தூக்கிப் படம்பிடித்து முடிப்பதற்குள் கரையோர விளக்குகள் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்குகின்றன.

படகில் வழங்கப்படும் உணவு பயணத்துக்குப் பயணம் வேறுபடும். பழச்சாறும் கேக் லாப்பிசும் பரிமாறப்படுவது வழக்கம். கேக் லாப்பிஸ் என்பது பல வண்ண அடுக்குகள் கொண்ட சரவாக் கேக். மாவை மெல்லிய அடுக்காக ஊற்றி, அது வெந்த பிறகே அடுத்த அடுக்கை ஊற்றுவார்கள். இப்படி அடுக்கடுக்காக வேகவைத்து, வெட்டி, ஒட்டி, கோலம் போன்ற வடிவங்களை உருவாக்கப் பல மணி நேரம் பிடிக்கும். வட கரையிலுள்ள மலாய்க் கம்பங்களில் இது குடும்பத் தொழிலாகவே நடைபெறுகிறது. படகை விட்டு இறங்கியபின் முழு இரவுணவை விரும்புவோர்க்கு, மூங்கிலில் அடைத்து வேகவைத்த ஈபான் மக்களின் மானோக் பான்சோ கோழிக்கறி, மெலனாவ் மீனவர்களின் உமாய், வதக்கிய மிடின் கீரை ஆகியவை ஆற்றங்கரை உணவகங்களில் கிடைக்கும். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ கூச்சிங்கை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவில் இச்சிறப்பைப் பெற்ற முதல் நகரம் இதுவே.

உணவு பரிமாறி முடிந்ததும் மேல்தளத்தில் சேகண்டிகளின் ஒலி எழுகிறது. தலையில் பறவை இறகுகள் அசைய, கையில் கேடயம் ஏந்தி ஓர் இளைஞர் தோன்றுகிறார். இது ஈபான் மக்களின் ஙாஜாட் நடனம். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, மெதுவாகச் சுற்றி, திடீரெனத் துள்ளி எழுந்து முழங்கும் இந்த ஆட்டம், காட்டில் பதுங்கிச் செல்லும் வீரனின் அசைவுகளை நினைவூட்டுகிறது. முற்காலத்தில் போரிலிருந்து திரும்பிய வீரர்களை வரவேற்கும் ஆட்டமாக இருந்த இது, இன்று ஜூன் முதல் நாள் கொண்டாடப்படும் காவாய் அறுவடைத் திருநாளிலும் விருந்தினரை வரவேற்கும் வேளைகளிலும் ஆடப்படுகிறது. பெண்கள் வெள்ளியாலான உயர்ந்த தலையணி அணிந்து, நளினமான கையசைவுகளோடு ஆடுவர்.

அடுத்து ஒலிப்பது சாப்பே. இது ஈபான் மக்களின் கருவி அன்று. உள்நாட்டு ஆற்றுப் படுகைகளில் வாழும் கெனியா, காயான் போன்ற ஓராங் உலு மக்களின் நரம்புக் கருவி. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யப்படும் இதன் உடல், நீண்ட படகின் வடிவில் இருக்கும். முன்பு இரண்டே நரம்புகள் இருந்தன. இப்போது மூன்று, நான்கு அல்லது அதற்கு மேலும் உண்டு. சுரத்தட்டுகளைக் கொசுத்தேனீயின் மெழுகால் ஒட்டுவது மரபு. ஒரு நரம்பில் பண் ஓட, மற்ற நரம்புகள் சுருதிபோல் தொடர்ந்து ஒலிக்கும். பண்கள் எழுதிவைக்கப்படவில்லை, கேட்டுக் கேட்டே கற்கப்பட்டன.

சாப்பே முதலில் பொழுதுபோக்குக்காக வாசிக்கப்பட்டதன்று. நோயுற்றவரைக் குணப்படுத்தும் சடங்குகளில் அது ஒலித்தது. பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீள்வீட்டின் நீண்ட திண்ணையில், இரவு நெடுநேரம் அதன் இசை கேட்கும். அங்கே ஆடுபவர், பாடுபவர், பார்ப்பவர் என்ற பிரிவு இல்லை. இன்று கேட்டவர் நாளை ஆடுவார்.

அப்படிப்பட்ட கலை, உல்லாசப் படகில் சில நிமிட நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது. காவாய்த் திருநாளுக்கு உரிய ஆட்டம் நாள்தோறும் மாலையில் நிகழ்கிறது. வெவ்வேறு இனங்களின் கலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், பார்ப்பவர் எல்லாவற்றையும் ‘சரவாக் நடனம்’ என ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார். சிலர் உணவிலும் படம் எடுப்பதிலும் மூழ்கி, இசையைக் காதில் வாங்குவதே இல்லை. இதனால், மரபுக் கலை வெறும் காட்சிப் பொருளாகிவிடுகிறது என்று வருந்துவோர் உள்ளனர். அவர்களின் கவலையில் உண்மை இருக்கிறது.

எனினும், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கல்விக்காகவும் வேலைக்காகவும் இளைஞர்கள் நீள்வீடுகளை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். திண்ணையில் கேட்பதற்கு ஆளில்லாதபோது, வாசிப்பதற்கும் ஆளில்லாமல் போகும். நகரத்தில் ஒரு மேடை கிடைத்தால், கலையைக் கற்றவருக்கு வருமானமும் கற்பதற்குக் காரணமும் கிடைக்கின்றன. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மழைக்காட்டு உலக இசை விழா, சாப்பேயின் ஒலியைப் பல நாட்டு மக்களின் செவிகளுக்குக் கொண்டுசேர்த்தது.

மரபு அப்படியே உறைந்து நிற்க வேண்டும் என்பதும் இல்லை. முன்பு சாப்பேயைப் பெண்கள் வாசிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. ஆனால், புகழ்பெற்ற சாப்பே கலைஞர் மத்தியூ ஙாவ் ஜாவ், சிறுமியருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற கெலாபிட் இனத்தைச் சேர்ந்த அலினா முராங், இன்று பன்னாட்டு மேடைகளில் சாப்பே இசைக்கிறார். பழைய விதி ஒன்று தளர்ந்தது. அதனால் கலை அழியவில்லை, புதிய கைகளைப் பெற்றது.

இதே கேள்வி ஆற்றிலேயே இன்னொரு வடிவில் மிதந்து செல்கிறது. உல்லாசப் படகின் அருகே, கூரை வேய்ந்த சிறு மரப்படகுகள் கரைக்குக் கரை கடந்து செல்வதைப் பயணிகள் காணலாம். இவை தம்பாங் படகுகள். வட கரைக் கம்பத்து மக்கள் பள்ளிக்கும் சந்தைக்கும் வேலைக்கும் செல்லத் தலைமுறை தலைமுறையாக இவற்றையே நம்பியிருந்தனர். 2017ஆம் ஆண்டு, ஏறத்தாழ 335 மீட்டர் நீளமுள்ள டாருல் ஹானா நடைபாலம் திறக்கப்பட்டது. மக்கள் கட்டணமின்றி, மழைக்கும் அஞ்சாமல் ஆற்றைக் கடந்தனர். பாலம் மக்களுக்கு நன்மையே செய்தது. ஆனால், படகோட்டிகளுக்குப் பயணிகள் குறைந்தனர். இன்று அவர்களுள் பலர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஆற்றைச் சுற்றிக் காட்டுவதையும் தொழிலாகக் கொண்டுள்ளனர். அன்றாடத் தேவையாக இருந்த படகு, மாலைப்பொழுதின் மகிழ்ச்சியாக மாறியிருக்கிறது. தேவை மாறியபோதும் தொழிலும் படகும் ஆற்றில் நிலைத்திருக்க அந்த மகிழ்ச்சி உதவுகிறது.

ஆகவே, படகில் நிகழும் கலை நிகழ்ச்சி உண்மையானதா, போலியானதா என்று கேட்பதைவிட, அதைப் பார்ப்பவர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்பதே பொருத்தம். ஆடுபவர் எந்த இனத்தவர், இந்த ஆட்டம் எப்போது ஆடப்படும், இந்தக் கருவியை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டால், சில நிமிட நிகழ்ச்சி ஒரு கதவாகிவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞரிடம் சென்று இரண்டு கேள்விகள் கேட்பதற்குப் பணம் தேவையில்லை, ஆர்வம் போதும். அந்தக் கதவைத் திறந்து, சரவாக் அருங்காட்சியகங்களுக்கோ, நீள்வீட்டுக்கோ, காவாய்த் திருநாளுக்கோ செல்வோர், கலையின் முழு உருவத்தைக் காண்பர். கேள்வி கேட்காமல் இறங்குவோர்க்கு, அது இரவுணவோடு சேர்ந்து மறந்துபோகும்.

படகு மீண்டும் படித்துறையை நெருங்குகிறது. டாருல் ஹானா பாலத்தின் வண்ண விளக்குகள் நீரில் நெளிகின்றன. பயணிகள் ஒவ்வொருவராக இறங்குகின்றனர். மேல்தளத்தில் சாப்பே கலைஞர் தம் கருவியைத் துணியால் துடைத்து உறையில் வைக்கிறார். அப்போது ஒரு சிறுவன் திரும்பி வந்து, அதன் நரம்பைத் தொட்டுப் பார்க்கலாமா எனக் கேட்கிறான். கலைஞர் சிரித்தபடி உறையை மீண்டும் திறக்கிறார். நீள்வீட்டுத் திண்ணையில் நடந்தது, அந்தக் கணத்தில் படகின் தளத்திலும் நடக்கிறது.