வெற்றுக் கட்டடங்களும் கல்லங்குறிச்சிச் சுண்ணக்கல்லும்

மக்கள் வாழாத கட்டடம் எத்துணை உயர்ந்து நின்றாலும் சுவரும் கூரையுமேயன்றி வீடாகாது. விடுமுறை நாட்களில் எம்மூராகிய கல்லங்குறிச்சியிலிருந்து அரியலூர்க் கடைத்தெருவுக்குச் செல்லுங்கால் யாம் இரு காட்சிகளைக் காண்கின்றோம். கடைகளின் மேன்மாடங்கள் சில, வாடகைக்கு விடப்படும் என்னும் பலகை தாங்கிப் பூட்டியே கிடக்கின்றன. அதே தெருவில் தம் வருவாய்க்கேற்ற வீடு கிடையாது அலைவாரும் உளர். ஆளற்ற வணிகக் கட்டடங்களை வீடுகளாக மாற்றுதற்குப் பொதுப்பணம் துணை செய்தல் தகுமோ என்னும் வினா இங்கே எழுகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வினா எம்மூர்க்குப் பெரிதும் உரியது. அரியலூர்ப் பாறைத்தொகுதியின் ஒரு பகுதிக்கு நிலநூலார் கல்லங்குறிச்சிப் படிவம் என்றே பெயரிட்டுள்ளனர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முன் இவ்விடம் கடலாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் மலிந்து இறுகிய சுண்ணக்கல்லே இந்நாளில் சிமெண்டு ஆலைகட்கு இரையாகின்றது. தூய சுண்ணக்கல் 100 பங்கைச் சுட்டால், எஞ்சும் சுண்ணாம்பு 56 பங்கே; ஏனைய 44 பங்கும் கரியமில வாயுவாய் வானிற் கலந்துவிடும். சூளையின் வெம்மையோ ஏறத்தாழ 1,450 செல்சியஸ் பாகை. ஆதலின் நிற்கும் கட்டடம் ஒன்றை வீணே விடுத்து வேறொன்று எழுப்புவோமாயின், முன்னே தோண்டிய குழியின் அருகே மற்றுமொரு குழி தோண்டுகின்றோம் என்பதை எம்மூரார்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இனி, அத்தகைய மாற்றம் இயலுவதோ எனின், இயலும், ஆயினும் எளிதன்று. இந்தியத் தரவிதிகளின்படி வீட்டுத்தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் சுமை தாங்கினாற் போதும்; அலுவலகத் தளத்திற்கோ 250 முதல் 400 வரை கணக்கிடுவர். ஆகவே வலிமையிற் பொதுவாகக் குறைவில்லை. குறை ஒளியிலும் நீரிலுமே உள்ளது. அகன்ற கூடத்தின் நடுவே சன்னல் இராது. அடுக்களைக்கும் குளியலறைக்கும் வேண்டிய குழாய்கள் இரா. இவற்றையெல்லாம் புதிதாய் அமைக்கும் செலவு, எளியோர் தரும் வாடகையால் ஈடாகாது. பொதுத்துணை வேண்டப்படுவது இவ்விடத்திலேதான்.

பிற நாட்டார் செய்தவற்றையும் காண்போம். கனடாவிலுள்ள கல்கரி நகரில், 2014-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை வீழ்ந்தபின் நகர் நடுவிலிருந்த அலுவலகங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி காலியாயிற்று. அந்நகர மன்றம் 2021-இல், அலுவலகத்தை வீடாக்குவோர்க்குச் சதுர அடிக்கு 75 கனடா டாலர் உதவித்தொகை வழங்க முன்வந்தது. இங்கிலாந்திலோ 2013-இல் பொருளுதவிக்கு மாறாக விதியையே தளர்த்தினர். முழுத் திட்ட அனுமதியின்றியே அலுவலகங்களை வீடாக்கலாம் என்றனர். அதன் பயன் யாது? அவ்வாறு எழுந்த வீடுகளில் நூற்றுக்கு 22 அளவிலேயே தேசிய இடவளவுக்கு ஒத்திருந்தன என 2020-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2021-இல் அவ்வளவு கட்டாயமாக்கப்பட்டது. உதவியாயினும் உரிமையாயினும் அளவும் வரம்பும் இன்றேல், வீடு சிறையாகும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 33 கோடிக் கட்டட அலகுகள் எண்ணப்பட்டன, அவற்றுள் 2.4 கோடிக்கு மேற்பட்டவை வெறுமையாயிருந்தன. 2020-இல் இந்திய அரசாங்கம், தன் பொருளுதவியாற் கட்டப்பட்டு ஆளின்றிக் கிடந்த வீடுகளைப் புலம்பெயர் தொழிலாளர்க்கும் மாணாக்கர்க்கும் குறைந்த வாடகைக்கு விட ஒரு திட்டம் வகுத்தது. 25 ஆண்டுகள் அவை அப்பயனுக்கே உரியவை என்பது அதன் நிபந்தனை. அத்திட்டம் முன்னரே வீடாய்க் கட்டப்பட்டவற்றைப் பற்றியது. பூட்டிய கடைகளையும் அலுவலகங்களையும் அது தழுவவில்லை. அந்நிபந்தனையை இவற்றிற்கும் விரித்தல் தகும் என்பதே எம் கருத்து.

பூட்டி வைத்த செல்வர்க்குப் பொதுப்பணம் கொடுப்பது முறையோ எனச் சிலர் தடை நிகழ்த்துவர். அத்தடை நியாயமுடையதே. ஆதலால் உதவி பெறுவோர் மூன்றிற்கு உடன்படல் வேண்டும். பல்லாண்டு மிகாத வாடகை ஒன்று. வாழும் அறை ஒவ்வொன்றிற்கும் வெளிச்சமும் காற்றும் இரண்டு. தேசியக் கட்டட நெறி கூறுமாறு ஓரறை வீட்டின் அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமை மூன்று. இவற்றிற்கு உடன்படார்க்கு ஒரு காசும் ஈதல் கூடாது.

மாணவ நண்பர்களே! நம்முட் சிலர் நாளை நகர மன்றங்களிலும் பொறியியல் அலுவலகங்களிலும் அமர்வர். புதுக் கட்டடத்திற்கு ஒப்பமிடுமுன், பூட்டிக் கிடக்கும் பழைய கதவு ஒன்று அத்தெருவில் உளதோ என அவர் ஒருகால் வினவுவாராக. கல்லங்குறிச்சிச் சிப்பிகள் 7 கோடி ஆண்டு காத்துத் தந்த கல், வெறுங்கூடத்தைச் சுமந்து நிற்றற்குரியதன்று. குடும்பம் ஒன்றைத் தாங்குதற்குரியது.