புது வண்டியும் பழுதாகும்!

புதிய பிக்கப் வண்டியொன்று வீட்டு முற்றத்தில் வந்து நின்றுவிட்டால் அன்று அவ்வீட்டிலே திருநாள்தான். கோணேசர் கோயிலில் அர்ச்சனை நடைபெறுகிறது. சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழங்கள் நசுங்குகின்றன. பிள்ளைகள் பின்தட்டில் ஏறிக் கும்மாளமிடுகின்றனர். "புதிய வண்டிக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?" என்ற நம்பிக்கை எல்லோர் முகத்திலும் ஒளிர்கிறது. அந்த நம்பிக்கையே சில வேளைகளில் ஆபத்தாக முடிந்துவிடுகிறது.

சீனன்குடாவில், தெருவோரமாகச் சற்று நேரம் நின்று பார்ப்பவர்கள் இதன் பொருளை உணர்வார்கள். மா ஆலைக்குச் செல்லும் லொறிகள், எண்ணெய் ஏற்றிய பவுசர்கள், சீமெந்து மூட்டைகள் அடுக்கிய வண்டிகள், கிண்ணியாப் பக்கமிருந்து மீனும் நெல்லும் கொண்டுவரும் பிக்கப்புகள், இவற்றுக்கு நடுவே சைக்கிளில் பள்ளி செல்லும் சிறுவர்கள்! இத்தகைய தெருவில் ஸ்டியரிங்கும் பிறேக்கும் ஒரு கணம் ஏமாற்றினாலும் அதன் விலை ஓர் உயிராக இருக்கலாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியது. விலையோ மலைபோல் உயர்ந்திருக்கிறது. நகையை ஈடு வைத்து வாங்கிய வண்டியில் குறை இருப்பதாகச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? "ஓடஓடச் சரியாகிவிடும்" என்று ஆறுதல் கொள்கிறோம். புதிய பிறேக் கட்டைகள் நன்றாகப் படிவதற்குச் சில நூறு கிலோமீற்றர் ஓட்டம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஓட்டத்தினால் தானாகவே குணமாகும் பழுது என்று ஒன்று இல்லை.

ஸ்டியரிங் சொல்லும் சேதி

நேரான தெருவில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? முதலில் டயர்களின் காற்றைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் சக்கர ஒழுங்கைச் சோதிப்பியுங்கள். ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியும் சக்கரம் அசையவில்லையெனின் இணைப்புகளில் எங்கோ தளர்வு உண்டு. பின்தட்டில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் வண்டியின் முன்பகுதி மேலெழும். முன்சக்கரங்களின் பிடி குறையும். அப்போது ஸ்டியரிங் பஞ்சுபோல் இலகுவாகத் தோன்றும். அது சுகமன்று, எச்சரிக்கை.

பிறேக் மிதியின் மொழி

மிதி மெத்தென்று இருந்தால் குழாய்களில் காற்றுப் புகுந்திருக்கலாம். அழுத்திய கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எண்ணெய் கசிகிறது, அல்லது பிரதான சிலிண்டரின் அடைப்பு தேய்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். அப்படியான வண்டியை ஓட்டிச் செல்லாமல், திருத்துநரை அழைப்பதே அறிவுடைமை. கடற்காற்று வீசும் ஊரில், காலையில் முதல் இரண்டொரு மிதிப்புகளுக்குத் தட்டுகள் கரகரப்பது துருவினாலாகும். அது விரைவில் மறைந்துவிடும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் திடீரென அழுத்தும்போது மிதி துடிப்பதும் குறையன்று.

நம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இன்னுமொன்று உண்டு. பாரத்துக்கு ஏற்பப் பின்பிறேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பல பிக்கப்புகளின் பின்னச்சுக்கு அருகே பொருத்தப்பட்டிருக்கிறது. பாரத்தால் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதே அதற்கு அளவுகோல். வாங்கிய மறுவாரமே கராஜுக்குக் கொண்டுபோய் வில்தட்டுகளைக் கூட்டினால் வண்டி உயர்ந்து நிற்கும். பாரம் ஏற்றியிருந்தும் வெறும் வண்டி என்றே அந்த வால்வு எண்ணிக்கொள்ளும்; பின்பிறேக்கு வலுக் குன்றும். ஆகவே வில்தட்டைத் தொட்டவர் வால்வையும் சீர்செய்தாக வேண்டும்.

ஒரு கம்பியின் கதை

பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டியாயிற்றே என்று எண்ணுகிறீர்களா? ஜப்பானின் குமமோட்டோவில் 2004ஆம் ஆண்டு ஒரு ஹைலக்ஸ் சேர்ப் வண்டி கட்டுப்பாடிழந்து எதிரே வந்த வண்டியுடன் மோதியது, ஐவர் காயமுற்றனர். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் இணைப்புக் கம்பி முறிந்திருந்தது. நின்ற நிலையிலேயே ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பும் செயல் அடிக்கடி நிகழ்ந்தால் அக்கம்பி களைத்து வெடிக்கும் எனக் கண்டறியப்பட்டது. 1988 முதல் 1996 வரை உற்பத்தியான சுமார் 3,30,000 வண்டிகளை டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் திருப்பி அழைத்தது. மறு ஆண்டு அமெரிக்காவிலும் ஏறக்குறைய 10 இலட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டன. அறிவித்தலில் தாமதம் காட்டியதற்காக 2010இல் அங்கு அந்நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. இந்தப் பழுது தொடர்பான முறைப்பாடுகள் 1990களின் தொடக்கத்திலேயே எழுந்தவை என்பதுதான் வருந்தத்தக்கது.

இத்தகைய திருப்பி அழைப்புக் கடிதம் ஜப்பானிய முகவரியைத் தேடிச் செல்லும். கைமாறிக் கடல் கடந்து திருகோணமலை வந்த வண்டியைத் தேடி வராது. ஆகவே வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு, அத்தகைய அழைப்பு ஏதும் உண்டா என்று முகவரிடம் கேட்டறிவது உரிமையாளரின் கடமை.

குறை தோன்றிய நாளையும் அப்போது வண்டி ஓடியிருந்த தூரத்தையும் குறித்து, விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். நியாயம் கிட்டாவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிட வழியுண்டு.

வாய்விட்டுச் சொல்வதில் வெட்கம் வேண்டியதில்லை. ஒருவர் எழுதும் முறைப்பாடு, அதே வண்டியை ஓட்டும் இன்னும் பலரின் உயிரையும் காக்கக்கூடும்.