எல்லை கடந்தால் குற்றம் நீங்குமா?

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மேற்கே செல்லும் மலைச்சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஆனைகட்டியை அடைகிறது. ஊரின் பெயர் ஒன்றே, மாநிலங்களோ இரண்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் குடும்பத்தினர் காரில் செல்லும் வழிகளுள் இதுவும் ஒன்று. வளைவுகள் மிகுந்த பாதை; நடந்து செல்வோரும் ஆடுமாடுகளும் எதிர்ப்படுவர்; இரவில் யானைகளும் குறுக்கிடும். இத்தகைய இடத்தில் விபத்து நேருமானால், "சிறிது தூரத்தில் அடுத்த மாநிலம், போய்விடலாம்" என்னும் எண்ணம் பதறிய உள்ளத்தில் எழக்கூடும். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை வாகனம் ஓட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் விதிக்கும் கடமை மிக எளியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவின்படி, வண்டியோட்டி காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல் வேண்டும். காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். கூட்டத்தின் சினத்துக்கு அஞ்சி அங்கே நிற்க இயலாத நிலையையும் சட்டம் உணர்ந்தே இருக்கிறது. அப்போது நேரே காவல் நிலையத்துக்குச் செல்லலாம். வீட்டுக்குச் சென்று ஒளிதல்தான் ஆகாது. இக்கடமையில் தவறினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால் அது வேறு குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி அதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. தப்பியோடினால் 10 ஆண்டு என்னும் உட்பிரிவும் அச்சட்டத்தில் எழுதப்பட்டது. லாரி ஓட்டுநர்களின் எதிர்ப்புக்குப் பின்னர் அவ்வுட்பிரிவை மட்டும் மத்திய அரசு அன்று அமலுக்குக் கொண்டுவராது நிறுத்திவைத்தது.

மாநில எல்லை ஓடுவோர்க்கு அரணாகுமா? ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றவாளியை இந்தியாவின் எப்பகுதிக்கும் தொடர்ந்து செல்லக் காவல் அதிகாரிக்கு உரிமை உண்டு. அத்தகைய குற்றம் பற்றிய தகவலை, அது எவ்விடத்தில் நடந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

1999 ஜனவரியில் தில்லி லோதி சாலையில் ஒரு கார் மோதி 6 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மூவர் காவலர். ஓட்டியவர் நிற்காது சென்றார். அவ்வழக்கில் 2012ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அவர் 50 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. மோதிய வண்டி இன்னதென்று அறியப்படாத விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்கு அத்தொகை பயன்பட வேண்டும் என்றும் பணித்தது.

இங்கேதான் ஓடிப்போவதன் உண்மையான கொடுமை விளங்குகிறது. வண்டி இன்னதென்று தெரிந்தால், இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கும். முறையான காப்பீடு இருந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனமே அதைச் செலுத்தும். குடும்பத்தார் தாம் வாழும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்பது வெளியூரில் வாழும் நம்மவர் நினைவில் கொள்ளத்தக்கது. வண்டி தெரியாவிடில், 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள அரசுத் திட்டத்தின்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். ஆகவே ஓடுகிறவன் காயம்பட்டவனின் உயிரை மட்டுமன்றி, அவன் பிள்ளைகளின் சோற்றையும் பறித்துச் செல்கிறான்.

விபத்து எவருக்கும் நேரலாம். அதன்பின் நிற்பதும் ஓடுவதும் நம் கையில் உள்ளன. வண்டியை நிறுத்துங்கள், அடிபட்டவரை மருத்துவமனையில் சேருங்கள், காவல் நிலையத்தில் உண்மையைக் கூறுங்கள். இம்மூன்றையும் செய்தவர் நீதிமன்றத்தில் தலைநிமிர்ந்து பேசலாம்.