ஆய்வுக்கூடத்தில் மஞ்சளும் உப்பும்
மளிகை வணிகர் அறிய வேண்டிய வேதியியல்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்து மாதிரி எடுத்துச் சென்றால், அறிக்கை வரும்வரை நம்மில் பலருக்குத் தூக்கம் வருவதில்லை. அரைத்தவர் வேறு, மூட்டை கட்டியவர் வேறு. ஆனால் மாதிரி எடுக்கப்படுவது நம் கடையில். அதை ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், கொள்முதலின்போதே பாதிச் சிக்கலைத் தவிர்க்கலாம். மஞ்சள் தூள், உப்பு ஆகிய இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம்.

மஞ்சள் தூள்

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். சுண்ணாம்பு சேர்ந்தால் இது சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் காண்பது இந்த வேதிவினைதான். குர்குமின் எரிசாராயத்தில் கரையும். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. மங்கிய சரக்கைப் பளிச்சென்று காட்டச் சிலர் சேர்க்கும் மெட்டானில் மஞ்சள் என்ற சாயமோ தண்ணீரில் எளிதில் கரைந்துவிடும். அது உணவில் சேர்க்க அனுமதியில்லாத சாயம்.

ஆகவே ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைத் தூவி, கலக்காமல் விட்டுப் பாருங்கள். நல்ல தூள் அடியில் படியும்; தண்ணீர் வெளிர் மஞ்சளாகவே இருக்கும். தண்ணீர் முழுதும் அடர் மஞ்சளானால் அந்தச் சரக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. நிறத்துக்காகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட் தண்ணீரில் கரையாது. உடலுக்குப் பெருங்கேடு செய்யும் இந்த நஞ்சை ஆய்வுக்கூடத்தில்தான் உறுதியாகக் கண்டறிய முடியும்.

கூடத்தில் சாயத்தைக் கண்டுபிடிக்கும் முறைகளுள் ஒன்று தாள் குரோமட்டோகிராபி. தூளிலிருந்து பிரித்த சாயத்தில் ஒரு சொட்டைத் தாளின் கீழ்ப்பகுதியில் வைத்து, தாளின் விளிம்பைக் கரைப்பானில் நனைய விடுவார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் கரைப்பான் தாளில் ஏறும். ஒவ்வொரு சாயமும் தன் இயல்புக்கேற்ற உயரத்துக்குச் செல்லும். பக்கத்தில் வைத்த மெட்டானில் மஞ்சளும் மாதிரிச் சாயமும் ஒரே உயரத்தில் நின்றால் கலப்படம் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. அயோடின் பட்டால் மாவுப்பொருள் நீலமாகும். இதை வைத்து, "மஞ்சளில் மாவு கலந்திருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொல்வதுண்டு. மஞ்சள் கிழங்கிலேயே மாவுச்சத்து ஏராளம். ஆகவே சுத்தமான தூளும் நீலமாகவே செய்யும். வேகவைத்துக் காயவைத்த மஞ்சளின் மாவு கட்டியாகத் தெரியும். அயல் மாவு தனித்தனி மணிகளாகத் தெரியும். இதைப் பிரித்துக் காட்டுவது நுண்ணோக்கி.

உப்பு

நேரடியாக உண்பதற்கென அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது. சில்லறைக் கடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். இதை அளக்கும் முறைக்குத் தரம்பார்த்தல் என்று பெயர். உப்புக் கரைசலில் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால் அயோடின் வெளிப்படும். அதனுடன் வினைபுரியும் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். இடையில் சேர்க்கும் மாவுக் கரைசல் நீலநிறம் காட்டும். நீலம் மறையும்வரை எத்தனை மில்லிலிட்டர் செலவானது என்பதைக் கொண்டு அயோடினின் அளவு கணக்கிடப்படும்.

ஈரமும் வெயிலும் பட்டால் அயோடின் குறையும். உப்பு மூட்டையைக் கடை வாசலில் போட்டுவைப்பது நம் பழைய வழக்கம். உற்பத்தியாளர் சரியாக அனுப்பிய சரக்கும் அங்கே கிடந்து தரம் குறைந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

சட்டம் தரும் பாதுகாப்பு

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, நமக்குச் சரக்கு தந்தவரின் பில்லே சரக்கின் தன்மைக்கும் தரத்துக்கும் உத்தரவாதமாகக் கருதப்படும். யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்பவரே பொறுப்பு.

மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்பும்படி, அதற்கான செலவை ஏற்று, நாம் கேட்கலாம். பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக இருந்தால் அது கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஆகவே வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. பில் இல்லாத சரக்கு, விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

2. பழைய தூள் இருக்கும் டப்பாவில் புதுத் தூளைக் கொட்டாதீர்கள். கலந்துவிட்டால் எந்தப் பில்லுக்குரிய சரக்கு என்று நிரூபிக்க முடியாது.

3. புது மூட்டை பிரித்ததும் தம்ளர் சோதனை செய்யுங்கள். சந்தேகம் வந்தால் விற்காமல் தனியே வைத்து, விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

4. உப்பை நிழலில், பலகை மேல் அடுக்குங்கள்.

தம்ளர் சோதனைக்குச் சில நிமிடம் போதும். நம்மை நம்பி மஞ்சளும் உப்பும் வாங்கிப் போகும் குடும்பங்களுக்காகவும், நம் கடையின் பெயருக்காகவும் அதைச் செய்வோம்.