மீனுக்கு எந்தக் குளிர்?

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிப் போகும் ஏ-32 வீதியில் இருக்கிறது விடத்தல்தீவு. கண்டற்காடும் கடற்புல்லும் செழித்த இந்தக் கரையோரத்தில் 29,180 ஹெக்டேயர் பரப்பு 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இறாலும் நண்டும் மீனும் அந்தக் கண்டலின் கொடை. கொழும்புச் சந்தையோ சுமார் 300 கிலோமீற்றருக்கு அப்பால். கரைக்கு வந்த மீன் அங்கே என்ன விலை போகும் என்பதை வழியில் அதற்குக் கிடைக்கும் குளிர்தான் தீர்மானிக்கிறது.

ஐஸ் உருகி ஒழுகும், பாதி வழியில் தீர்ந்துபோகும். ட்ரை ஐஸ் ஒழுகாது. அப்படியானால் அதையே மீன்பெட்டியில் போட்டால் என்ன?

ட்ரை ஐஸ் என்பது உறைந்த காபனீரொட்சைட்டு. நாம் வாழும் வளிமண்டல அமுக்கத்தில் இந்த வாயுவுக்குத் திரவ நிலை கிடையாது. அதற்கு ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட அமுக்கம் வேண்டும். அதனால் மறை 78.5 பாகை செல்சியஸில் திண்மம் நேரே வாயுவாகிறது. இதுதான் பதங்கமாதல். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிலோ ட்ரை ஐஸ் வாயுவாக மாறும்போது உறிஞ்சுவது 571 கிலோயூல். வெளியேறும் வாயு பூச்சிய பாகை வரை சூடாவதையும் கூட்டினால், எடைக்கு எடை இரு மடங்கை நெருங்குகிறது.

கணக்கில் ட்ரை ஐஸ் வெல்கிறது. ஆனால் பச்சை மீனுக்கு அது தேவையே இல்லை. மீன் உறையத் தொடங்குவது மறை 1 அல்லது 2 பாகையில். ட்ரை ஐஸ் பட்ட இடம் கல்லாக உறையும், படாத இடத்தில் சூடு அப்படியே நிற்கும். உறைந்த தசையின் கலங்கள் கிழிந்து, பிறகு இளகும்போது நீரும் சுவையும் வடிந்துவிடும். சாதாரண ஐஸின் பலமோ நாம் குறையென்று நினைக்கும் அந்த ஒழுகலில்தான் இருக்கிறது. உருகிய நீர் மீனின் செவுள், வயிறு, செட்டை எங்கும் ஓடி வெப்பத்தை வாங்கிக்கொண்டு கீழிறங்குகிறது. ஐஸ் தீரும்வரை பெட்டிக்குள் பூச்சிய பாகை குலையாது. பூச்சியத்தோடு ஒப்பிட்டால் 10 பாகையில் மீன் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகக் கெடும். ஆகவே இறங்குதுறைக்கு அருகிலேயே சுத்தமான நீரில் செய்த ஐஸ், அதைத் தூளாக்கித் தாராளமாகப் போடும் பழக்கம், நல்ல ரெஜிபோம் பெட்டி: இவை மூன்றும் சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் தரும் பயனை எந்த ட்ரை ஐஸும் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

ட்ரை ஐஸுக்கு உரிய இடம் வேறு. ஏற்கெனவே உறையவைத்த இறால், விமானத்தில் போகும் பொதி, சில தடுப்பூசிகள், ஆய்வுகூட மாதிரிகள் ஆகியவற்றுக்கு நீர் சொட்டாத கடுங்குளிர் வேண்டும்.

ட்ரை ஐஸ் வியாபாரத்தைப் பல நாடுகளில் சிறு குடும்ப நிறுவனங்களும் நடத்துகின்றன. அவர்களுடைய சிக்கல், சரக்கைக் களஞ்சியத்தில் வைத்திருக்க முடியாது என்பது. பூட்டிய பெட்டிக்குள்ளும் நாளுக்கு நாள் எடை குறையும். அதற்கான வாயுவும் பெரும்பாலும் வேறொருவரின் ஆலைக் கழிவு. பனங்கள்ளில் நுரைத்து வருகிறதே, அதே வாயுதான் வடிசாலைகளின் நொதித்தல் தொட்டிகளிலும் எழுகிறது. பசளைக்கான அமோனியா ஆலைகளிலும் மிஞ்சுகிறது. அதைச் சுத்திகரித்து, அமுக்கித் திரவமாக்கி, திடீரெனத் திறந்துவிட்டால் பாதிக்கும் குறைவான பங்கு வெண்பனித்தூளாகும். அதை அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். 2021 செப்ரெம்பரில் எரிவாயு விலை ஏறி பிரித்தானியாவில் இரண்டு பசளை ஆலைகள் நின்றபோது, சோடா முதல் இறைச்சி வரை பல தொழில்கள் தடுமாறியது, இந்த வாயுவுக்கு வேறொருவரின் ஆலையை நம்பியிருந்ததால்தான்.

கையாள்பவர்கள் அறிந்தே ஆகவேண்டிய ஆபத்தும் உண்டு. ஒரு கிலோ ட்ரை ஐஸ் 500 லீற்றருக்கும் மேலான வாயுவாக விரியும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால், படகின் அடித்தட்டிலும் லொறியின் தாழ்ந்த மூலையிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு 10 பங்கானால் ஆள் மயங்கி விழுவார். 2020 பெப்ரவரியில் மொஸ்கோவில் நீச்சல்குள விருந்தொன்றில் புகைபோன்ற காட்சிக்காக ட்ரை ஐஸைத் தண்ணீரில் கொட்டியதில் மூவர் இறந்தார்கள். போத்தலிலோ காற்றுப் போகாத பெட்டியிலோ அடைத்தால் வெடிக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் உறைந்து புண்ணாகும். பொதியின் மூடியில் வாயு வெளியேற இடைவெளி விட வேண்டும். அந்தப் பொதியைச் சாரதியின் பக்கத்து இருக்கையில் வைக்கவே கூடாது. வேறு வழியில்லை என்றால் கண்ணாடிகள் பயணம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.