கடன் வாங்கிய கிருமி

சென்ற ஆண்டு என் தம்பிக்கு வயிற்றுளைவு கண்டது. மலத்தில் இரத்தத்தைப் பார்த்ததும் உம்மும்மா அலுமாரியைத் திறந்து, எனக்கு எப்போதோ தந்ததில் மிஞ்சியிருந்த நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளை எடுத்துவந்தார். “இதுல ரெண்டக் குடுங்க, சுகமாகிடும்” என்றார். வாப்பா சம்மதிக்கவில்லை. தம்பியை டொக்டரிடம் கொண்டுசென்றார். இரத்தம் கலந்த வயிற்றுளைவுக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று ஷிகெல்லா என்னும் பற்றீரியா என்றார் டொக்டர். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நான் அன்றே அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

1897இல் ஜப்பானில் வயிற்றுளைவு கொள்ளைநோயாகப் பரவியபோது கியோஷி ஷிகா என்ற மருத்துவர் இக்கிருமியைக் கண்டறிந்தார். அவருடைய பெயரே அதற்கு நிலைத்தது. நெடுங்காலம் தனியினமாகக் கருதப்பட்ட இதன் பரம்பரை அலகுகளை ஆராய்ந்தபோது, நமது குடலில் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் ஈ.கோலையின் கிளையே இது எனத் தெரியவந்தது.

சாதுவான உறவு எப்படிப் பகையானது? பெற்றதாலும் இழந்ததாலும். பற்றீரியாக்கள் தாய்க்கலத்திடமிருந்து மட்டுமன்றி, அயலில் வாழும் பற்றீரியாக்களிடமிருந்தும் பரம்பரை அலகுகளைப் பெறக்கூடியவை. அவ்வாறு கிடைத்த ஒரு பிளாஸ்மிட், அதாவது நிறமூர்த்தத்துக்குப் புறம்பான டி.என்.ஏ. வளையம், குடற்கலங்களுக்குள் நுழையும் ஆற்றலைத் தந்தது. உள்ளே நுழைந்தபின் நீந்தும் சவுக்குமுளை தேவைப்படவில்லை, அது இழக்கப்பட்டது. தன் நச்சின் வேலைக்குத் தடையாயிருந்த ஒரு பரம்பரை அலகையும் அது இழந்தது. இந்தக் கூர்ப்பு ஈ.கோலையின் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே பலமுறை நிகழ்ந்துள்ளது.

கடன் அத்துடன் முடியவில்லை. 1950களில் ஜப்பானில் ஒரே வேளையில் பல மருந்துகளுக்கும் அடங்காத ஷிகெல்லா தோன்றியது. ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் ஒன்றாக வளர்த்தால், மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதை 1959இல் அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டினர்.

உம்மும்மாவின் குளிசைகளை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். தேவையின்றி விழுங்கும் ஒவ்வொரு குளிசையும் மருந்துக்கு அடங்கும் பற்றீரியாக்களைக் கொன்று, அடங்காதவற்றைப் பெருகவிடுகிறது. அவை தீங்கற்றவையாக இருந்தாலும், நாளை குடலுக்குள் வரும் நோய்க்கிருமிக்கு அந்த ஆற்றலைக் கடனாகக் கொடுக்கலாம்.

ஷிகெல்லா நோய் உண்டாக்க 10 முதல் 100 பற்றீரியாக்களே போதும். ஆகவே சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதே நமது முதல் மருந்து.

தம்பி சுகமாகிவிட்டான். இப்போது யார் குளிசை எடுத்தாலும் உம்மும்மா கேட்பது ஒன்றுதான்: “டொக்டர் எழுதித் தந்ததா?”