கதவு தட்டும் பெருவிரல்



கிற்றார் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? பெரும்பாலும் ஆலயத்தில் பாடகர் குழாம் நிற்கும் பக்கத்தில், கீபோட்டுக்கு அருகே, தாளத்துக்கேற்ப ஆறு தந்திகளையும் ஒருசேர வருடிச் செல்லும் ஓர் இளைஞரின் கையாகவே இருக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழாய் ஓகனுக்கு உயர்ந்த மதிப்பளித்த அதேவேளை ஏனைய இசைக்கருவிகளுக்கும் வழிவிட்டது. அதன் பின்னர் எமது பங்குகளிலும் கிற்றார் பழகிய பொருளாயிற்று. ஆயினும் அக்கருவி தனித்து நின்று பாடுவதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

தனித்து மீட்டும் கலைஞரின் வலக்கையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு பணி உண்டு. பெருவிரல் தடித்த தந்திகளில் அடிநாதத்தை நடத்தும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றும் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுத்துச் செல்லும். வீணை கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத்துச் செவிகளுக்கு இது முற்றிலும் புதிதன்று. வீணையிலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இராகத்தை மீட்ட, சிறுவிரல் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைத் தொடுகின்றதல்லவா?

இவ்வாசிப்பை ஒலிப்பதிவில் கேட்பீர்களாயின், இருவரோ மூவரோ சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றே எண்ணுவீர்கள். ஐம்பது அறுபது பேர் மாத்திரம் அமரக்கூடிய ஒரு சிறு மண்டபத்தில், கலைஞரிடமிருந்து சில அடி தூரத்தில் அமர்ந்து பாருங்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு மனிதர், பத்து விரல்கள், ஒரு மரப்பெட்டி. இடக்கை விரல் தடித்த தந்தியில் வழுக்கும்போது எழும் சிறு கீச்சொலி கேட்கும். வாசிப்பவர் மூச்சு இழுப்பதும் கேட்கும். நாதம் மெலிந்து மெலிந்து செல்லும் இடத்தில், எவரும் சொல்லாமலேயே சபை முழுவதும் அசையாதிருக்கும். அந்த அமைதி கலைஞர் மாத்திரம் உண்டாக்கியதன்று. கேட்க வந்தவர்களும் சேர்ந்து அவருக்குக் கொடுத்தது.

ஸ்பெயின் நாட்டின் பெருங்கலைஞர் அந்திரேஸ் செகோவியா (1893–1987) பெரிய அரங்குகளிலும் ஒலிபெருக்கியை விரும்பியவரல்லர். கருவியின் குரல் சிறியதெனில், கேட்பவர் தம் செவியைக் கூர்மையாக்கிக்கொள்ளட்டும் என்பதே அவர் நடைமுறையாக இருந்தது. இதில் சற்றுப் பிடிவாதமும் உண்டு என்பேன். ஆனால் பலன் தந்த பிடிவாதம்.

நத்தார் இரவில் நாம் தவறாது பாடும் 'சைலன்ட் நைற்' பாடலும் கிற்றாரோடு பிறந்ததுதான். 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஒஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ப் என்னும் சிற்றூர் ஆலயத்தில், உதவிக்குரு யோசப் மோரும் ஆசிரியர் பிரான்ஸ் குரூபரும் அதனை முதன்முதலாகப் பாடினர். துணைக்கு இசைத்தது ஒரு கிற்றார். (ஓகன் பழுதானதால்தான் கிற்றார் வந்தது என்ற கதைக்கு அக்காலச் சான்று இல்லை, பின்னாளில் சேர்ந்துகொண்ட சுவையான கதையாகவே தோன்றுகிறது.)

மெல்லிய ஒலிக்குச் செவிகொடுக்க எமது மக்களுக்குத் தெரியாததன்று. 1990இல் மீண்டும் போர் மூண்ட பின்னர் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. துவிச்சக்கரவண்டியின் மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கின்றது. சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தளரும். எல்லோரும் இன்னும் நெருங்கி அமர்வர். இன்று மின்சாரம் உண்டு. திருவிழாக் காலத்தில் மரத்துக்கு மரம் ஒலிபெருக்கியும் உண்டு. அடுத்திருப்பவர் பேசுவதுதான் கேட்பதில்லை. ஓரேபு மலையில் எலியா இறைவனைப் பெருங்காற்றிலோ நிலநடுக்கத்திலோ தீயிலோ காணவில்லை என்று வாசிக்கின்ற நாம், ஒலியின் அளவைக் கொண்டு திருவிழாவின் சிறப்பை மதிப்பிடுவது எவ்வாறு?

இனி, ஒரு கலைஞரைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் 1885ஆம் ஆண்டு பிறந்தவர் அகுஸ்தீன் பாரியோஸ். 'பேராலயம்' என்னும் அவரது படைப்பு 1921இல் உருவானது. மொன்டெவிடியோ நகரப் பேராலயத்தில் பாக்கின் ஓகன் இசையைக் கேட்ட அனுபவம் அதன் ஒரு பகுதி. வெளியே வந்ததும் எதிர்ப்படும் தெருவின் பரபரப்பு மறு பகுதி. எமது மரியன்னை பேராலயத்தில் திருப்பலி முடிந்து ஓட்டோக்களின் இரைச்சலுக்குள் இறங்குபவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

நாடு நாடாகச் சென்று வாசித்த அவர், இறுதியில் எல் சல்வடோரில் தங்கி மாணவர்களுக்குக் கற்பித்தார். 1944இல் அங்கேயே மறைந்தார். அவ்வாண்டு அவர் ஆக்கிய கடைசிப் படைப்பு, 'இறைவனின் அன்பின் பொருட்டு ஒரு பிச்சை' என்ற பெயரால் அறியப்படுகின்றது. வயது முதிர்ந்த பெண்ணொருவர் அவரது வீட்டுக் கதவைத் தட்டி, அச்சொற்களால் இரந்து நின்றார் என்றும், அந்தத் தட்டலிலிருந்தே இசை பிறந்தது என்றும் சொல்லப்படுகின்றது.

கிற்றாரின் நாதம் மீட்டிய கணத்திலேயே தேயத் தொடங்கிவிடும். வயலினைப் போல அதனை நீட்டிப் பிடிக்க இயலாது. ஆகவே மூன்று விரல்கள் ஒரே தந்தியை அடுத்தடுத்து மிக விரைவாகத் தொட்டு, அறுபடாத ஒரு குரலைப் போன்ற மாயத்தை உண்டாக்குகின்றன. அக்குரலுக்குக் கீழே, பெருவிரல் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கின்றது. ஒலிப்பதிவில் மேலே பாடும் குரலே நம்மை ஈர்த்துவிடும். அருகே அமர்ந்து கையைப் பார்க்கும்போதுதான் தட்டுபவர் இன்னும் போகவில்லை என்பது புலப்படும்.

இப்படைப்பை வாசிக்கத்தக்க ஒருவர் எமது ஊர் மண்டபமொன்றுக்கு வருவாராயின், நேரத்தோடு சென்று முன்வரிசையில் இடம் பிடியுங்கள். கிற்றார் பழகும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். கண்களை வலக்கையின் பெருவிரலில் வையுங்கள். கடைசித் தந்தி ஓய்ந்ததும் உடனே கைதட்டிவிடாதீர்கள். அது முற்றாக அடங்க இன்னும் சில விநாடிகள் ஆகும்.